இராமநாதபுரக் கடலோரத்தில் வீட்டுக்கோழி: இனத் தேர்விலிருந்து முதல் அடை வரை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடலோர ஊர்களில் முற்றத்தில் பத்துக் கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த இனம் நல்லது?" என்பதைத்தான். நானும் அந்தக் கேள்வியோடுதான் பலரிடம் போய் நின்றேன். கிடைத்த பதில்களில் பெரும்பாலானவை நாமக்கல்லையும் ஈரோட்டையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. உவர் நீரும் உப்புக்காற்றும் சேர்ந்திருக்கும் நம் பகுதிக்கு அவை அப்படியே பொருந்தவில்லை. இங்கே தண்ணீர், மாதம் ஆகிய இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் இனத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அலைந்து விசாரித்துத் திரட்டியவற்றை, அடுத்துத் தொடங்குகிறவர் அந்த அலைச்சலின்றித் தொடங்க வேண்டும் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். பத்து முதல் பதினைந்து கோழி வரை வளர்க்கும் வீடுகளுக்கானது இது.

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோழி உப்பைத் தாங்காத பறவை. அதிலும் குஞ்சு சற்றும் தாங்காது. நம் ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உவர்ப்பாக இருப்பதால், "ஆடு குடிக்கிறது, கோழிக்கு என்ன?" என்று அதையே வைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் உப்பு கரைந்திருக்கும் நீர் கோழிக்கு நல்லது; 3,000 மில்லிகிராமைத் தாண்டினால் எச்சம் நீராகப் போகும், வளர்ச்சி குன்றும், குஞ்சுகள் இறக்கவும் நேரிடும். நீர்த்த கழிச்சலைக் கண்டதும் நோய் என்று எண்ணி மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள், பல வேளைகளில் மாற்ற வேண்டியது தண்ணீரைத்தான். உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அக்கம்பக்கத்தில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

உங்களால் குடிக்க முடியாத தண்ணீரைக் குஞ்சுக்கு வைக்காதீர்கள். கோடையில் ஒரு பெரிய கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டருக்கு மேல் குடிக்கும். பத்துக் கோழிக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டால், காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் பிடிக்கும் ஒரு குடம் நான்கைந்து நாளுக்கு வரும். காசு கொடுத்துக் குடத்தண்ணீர் வாங்கும் ஊராக இருந்தாலும் இது தாங்கக்கூடிய செலவே. தண்ணீர்ச் சட்டியை மண்ணில் பாதி புதைத்து நிழலில் வையுங்கள். வெயிலில் சூடேறிய நீரைக் கோழி தொடாது.

2. தொடங்கும் மாதம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதமும், ஆடி மாதத் தொடக்கமும் ஏற்றவை. தையில் வாங்கிய குஞ்சு சித்திரை வெயில் உச்சத்துக்கு வருமுன் இறகு முளைத்துத் தேறிவிடும். ஐப்பசி மழைக்குள் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு வாங்கினால் ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்து வாட்டும். சித்திரை, வைகாசியில் வாங்கினால் வெப்பமும், கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயும் சேர்ந்து தாக்கும். புதியவர்கள் இந்த நான்கு மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள். தையில் தொடங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு: கால்நடை பராமரிப்புத் துறையின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் நடத்தப்படுகிறது.

3. இனத்தைத் தேர்ந்தெடுத்தல்

உங்களுக்கு வேண்டியது முட்டையா, கறியா, தானாகப் பெருகும் கூட்டமா என்பதை வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். மூன்றையும் நிறைவாகத் தரும் இனம் கிடையாது.

சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழியான சிறுவிடை நம் முற்றத்துக்கு மிகப் பொருத்தமானது. எடை குறைவு, வெயிலைத் தாங்கும், தானே இரை தேடும், அடைகாத்துக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரியும். ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை வரைதான் இடும்; அதைக் குறையாக நினைக்க வேண்டாம், ஏனெனில் அடுத்த தலைமுறையை நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முதன்முறை வளர்ப்பவருக்கு என் பரிந்துரை இதுவே.

பெரிய உடல்வாகுள்ள பெருவிடையும், சண்டைக்கோழி இனமான அசீலும் கறிக்கும் விலைக்கும் பெயர் பெற்றவை. ஆனால் முட்டை குறைவு, வளர்ச்சி மெதுவானது, சேவல்கள் ஒன்றையொன்று தாக்கிக்கொள்ளும். ஒரே முற்றத்தில் இரண்டு அசீல் சேவல்களை விடவே கூடாது.

கழுத்தறுத்தான் கோழியைப் பலர் அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள். கழுத்தில் இறகில்லாததால் உடல் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. வைகாசிப் புழுக்கத்தில் மற்றக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிழலில் கிடக்கும்போது இது மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். கிடைத்தால் ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருங்கோழி எனப்படும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரியது. வெப்பத்தைத் தாங்கும், ஆனால் பெரும்பாலும் அடையில் உட்காராது. அதன் கறிக்குச் சொல்லப்படும் விலையை மட்டும் கேட்டு அதிக விலைக்குக் குஞ்சு வாங்குமுன், உங்கள் ஊரில் அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

வீட்டு முட்டைத் தேவையே முதன்மையானால், ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியாவைப் பாருங்கள். முற்றத்து வளர்ப்பில் ஆண்டுக்கு 160 முட்டைக்குக் குறையாது என்று எதிர்பார்க்கலாம். அதே நிறுவனத்தின் வனராஜா முட்டை, கறி இரண்டுக்குமானது. உடல் கனமானதால் நம் கோடையில் கூடுதல் கவனம் வேண்டும், பருந்தைக் கண்டால் விரைந்து ஓடவும் அதனால் முடியாது. இரண்டும் அடைகாக்காதவை, கலப்பினம் என்பதால், குஞ்சு பொரித்தாலும் தாயின் திறன் அப்படியே வராது. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கும் செலவைக் கணக்கில் சேருங்கள். எட்டுக் கிராமப்பிரியாவோடு இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை அடைக்காக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

4. வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வந்து விற்கப்படும் சாயம் பூசிய வண்ணக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைப்பண்ணைகள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். தடுப்பூசி போடப்பட்டிருக்காது, காப்பு வெப்பமும் கிடைத்திருக்காது. குழந்தைகள் அடம்பிடித்தாலும் வாங்காதீர்கள்.

ஒருநாள் குஞ்சு மலிவு. ஆனால் புதியவர் அதைக் காப்பாற்றுவது கடினம். ஒரு மாதக் குஞ்சு ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் ஏறத்தாழ நூறு முதல் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். முதல் தடுப்பூசிகள் முடிந்திருக்கும். எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி போட்டார்கள் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். கூட்டுக்குள் சுறுசுறுப்பாக ஓடும், கண் தெளிந்த, ஆசனவாய் ஒட்டாமல் உலர்ந்திருக்கும் குஞ்சுகளை நீங்களே கையிலெடுத்துப் பார்த்துப் பொறுக்குங்கள்.

வாரச்சந்தையில் வாங்கும் பெரிய கோழிகளை மூன்று வாரமாவது தனியே, வேறு தண்ணீர்ச் சட்டியோடு அடைத்து வைத்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நம் முற்றங்களுக்குள் நுழையும் முக்கியமான வழி சந்தைக்கோழிதான்.

5. கூடு

பத்துக் கோழிக்கு நான்கடிக்கு ஆறடி போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் நம் மண்ணில் நீர் தேங்கும், கீரிப்பிள்ளையும் மரநாயும் இரவில் வரும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உச்சி வெயில் உள்ளே விழாது. பனைச் சட்டமும் பனையோலைக் கூரையும் நம்மிடம் மலிவு, வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் ஓலையில் பேனும் செள்ளும் தங்கும் என்பதால் ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். தகரக் கூரை வேய்ந்தே ஆகவேண்டுமானால் அதன்மேல் ஓலை பரப்புங்கள்.

வடக்குப் பக்கத்துக்குத் தனிக்கவனம் தேவை. வாடை வீசும் மாதங்களில் சாரல் அந்தப் பக்கமாகத்தான் அடிக்கும். சாக்கு அல்லது தார்ப்பாய்த் திரையைக் கீழிருந்து கட்டி, மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். முழுவதும் மூடினால் எச்சத்தின் நெடி உள்ளேயே தங்கி மூக்கடைப்பையும் சளியையும் கொண்டுவரும்.

கம்பிவலையை உப்புக்காற்று அரித்துவிடும். விலை சற்றுக் கூடினாலும் பிளாஸ்டிக் பூச்சுள்ள கம்பிவலையே இங்கே சிக்கனம். பழைய நைலான் மீன்வலை எல்லாக் கடலோர வீட்டிலும் கிடைப்பதால் அதையே சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். பருந்துக்கும் காகத்துக்கும் எதிராக முற்றத்தின் மேலே கட்ட அது மிக நல்லது. பக்கச் சுவராகக் கட்டினால் நாய் கடித்துக் கிழித்துவிடும், குஞ்சின் கால் கண்ணியில் சிக்கிச் சதையறுந்து போகும். மேலே கட்டும்போதும் தளர்ந்து தொங்காதவாறு இழுத்துக் கட்டுங்கள்.

தரையில் கடற்கரை மணலைக் கொட்டாதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தரைதான் இரத்தக்கழிச்சலுக்கு விளைநிலம். நெல் உமியை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட்டு, ஈரம் கட்டிய இடத்தை அள்ளி மாற்றுங்கள். ஓலைக்கூரையோடு உள்ளூர் ஆள் வைத்துச் செய்தால் கூட்டுக்கு ஐயாயிரம் முதல் ஏழாயிரம் ரூபாய் வரை ஆகலாம்.

6. ஒருநாள் குஞ்சாகவே வாங்கினால்

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பத்துக்காகக் கட்டிய விளக்கின் அடியில் குஞ்சுகள் நெருக்கியடித்தால் குளிர், விலகி ஓடி வாய் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்து வையுங்கள். அடைக்கோழி கைவசம் இருந்தால் இரவில் அதன் அடியில் விட்டுப் பஞ்சாரம் கவிழ்ப்பதே சிறந்த வழி.

7. தடுப்பூசி

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது. பச்சை கலந்த வெள்ளை எச்சம், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இழுத்தல் ஆகியவை தெரிந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. தடுப்பூசி ஒன்றுதான் காப்பு. வரிசை இது:

ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டுமருந்தான ஆர்.டி. எஃப்1 அல்லது லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பதினான்காம் நாளையொட்டிக் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. நான்காம் வாரத்தில் மீண்டும் லசோட்டா. ஆறாம் வாரத்தில் அம்மைத் தடுப்பூசி. கொசு மிகுந்த நம் ஊர்களில் இதைத் தவிர்க்கக் கூடாது. ஏழாம் வாரத்தில் குடற்புழு நீக்கம். எட்டாம் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கான ஆர்2பி ஊசி, இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழ்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. சொட்டுமருந்தே போடாத கோழிக்கு நேராக ஆர்2பி ஊசி போடக் கூடாது. வீரியம் மிகுந்த அந்த ஊசியே அதை நோயில் தள்ளிவிடும். அடுத்தது, மருந்தின் குளிர்ச்சி. பனிக்கட்டி நிரப்பிய குடுவையில் எடுத்துவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள், காலையிலோ மாலையிலோ போட்டு முடிக்க வேண்டும். சொட்டு விழுந்ததும் குஞ்சு கண்ணை மூடித் திறந்து மருந்தை உள்ளிழுக்கும் வரை கையிலிருந்து விடாதீர்கள். உடனே இறக்கிவிட்டால் தலையை உதறிச் சிந்திவிடும்.

மருந்துப் புட்டி நூறு கோழி, இருநூறு கோழி அளவிலேயே வருகிறது; பத்துக் கோழிக்காக ஒன்றைத் திறக்க மருந்தகத்தில் தயங்குவார்கள். ஆகவே தெருவில் கோழி வைத்திருக்கும் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நாளைக் குறித்துக்கொண்டு, அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அண்டை வீட்டுக் கோழிகளுக்கும் போட்டால்தான் உங்கள் கோழிகளுக்கு முழுக் காப்பு கிடைக்கும்.

8. தீவனம்

மேய்ச்சல் உள்ள பெரிய கோழிக்கு நாளொன்றுக்கு நாற்பது கிராம் அளவில் கம்பு, குருணை, தவிடு கலந்து மாலையில் கொடுத்தால் போதும். கூட்டுக்குத் திரும்பும் பழக்கமும் அதனால் வரும். முதல் எட்டு வாரம் மட்டும் கடைக் குஞ்சுத்தீவனத்தைக் குறைக்காதீர்கள். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

மீன் நம்மிடம் தாராளம் என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவாட்டுக் கழிவைக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள உப்பு குஞ்சைக் கொல்லும். சாளை, காரல் போன்றவற்றின் தலையையும் குடலையும் உப்பில்லாமல் வேகவைத்து, உலர்த்தி, பொடித்து, மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்க்கலாம். வலையில் கழிக்கும் பொடிமீனில் பேத்தை கலந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியுங்கள், அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. முட்டையில் மீன்வாடை தெரிந்தால் அளவைக் குறையுங்கள். கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, நொறுக்கித் தனிச்சட்டியில் வைத்தால், முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தானே கொத்திக்கொள்ளும்.

கூடு, பத்துக் குஞ்சு, தட்டுமுட்டுப் பொருள், முட்டையிடும் வரையான தீவனம் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

9. மானியமும் ஆவணங்களும்

சொந்த முற்றத்தில் பத்துக் கோழி வளர்க்க மானியத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை அண்மை ஆண்டுகளில் இரண்டு வகைத் திட்டங்களை நடத்தியிருக்கிறது: ஏழைப் பெண்களுக்கு நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பாதி மானியத்தில் தருவது ஒன்று, 250 கோழிகள் கொண்ட சிறுபண்ணைக்குக் கொட்டகை, கருவிகள், தீவனம் ஆகியவற்றின் செலவில் பாதியைத் தருவது மற்றொன்று. ஆண்டுதோறும் அறிவிப்பும் எண்ணிக்கையும் மாறும். விண்ணப்ப நாட்கள் குறைவாகவே இருக்கும். எனவே அறிவிப்பு வருமுன்பே தாள்களைத் தயாராக வைத்திருப்பவருக்கே இடம் கிடைக்கிறது. விசாரிக்க வேண்டிய இடம் உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகம். இடைத்தரகர் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

திரட்டி வைக்க வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், சாதிச் சான்று, பொருந்துமானால் ஆதரவற்ற விதவை அல்லது மாற்றுத்திறனாளிச் சான்று. சிறுபண்ணைக்கு 625 சதுர அடி நிலமும் அதற்கான சிட்டா, அடங்கல் நகலும், முன்பு இத்தகைய திட்டத்தில் பயன்பெறவில்லை என்ற உறுதிமொழியும், மூன்றாண்டுகள் பண்ணையை நடத்துவதாக உறுதிமொழியும் கேட்கப்பட்டன. செலவின் மறுபாதியைக் கைப்பணமாகவோ வங்கிக் கடனாகவோ நீங்களே திரட்ட வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் நிலம்தான். கடலோரத்தில் பல வீடுகள் தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டாவிலோ, அண்ணன் தம்பி கூட்டுப்பட்டாவிலோ, புறம்போக்கிலோ நிற்கின்றன. ஒரு அலுவலகத்தில் என் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு, கூட்டுப்பட்டாதாரர் அனைவரின் சம்மதக் கடிதமும் வேண்டும் என்று திருப்பித் தந்தார்கள். கையெழுத்திட வேண்டியவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்ததால் அந்த ஆண்டின் வாய்ப்பே போய்விட்டது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவதும் மாதக்கணக்கில் இழுக்கும். எனவே சம்மதக் கடிதங்களை இப்போதே வாங்கி வையுங்கள். சிட்டாவை வருவாய்த் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்த்து அச்செடுக்கலாம். சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் முன்னெழுத்தும் பெயரின் எழுத்துக்கூட்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். கணவர் பெயரின் முன்னெழுத்து ஒன்றிலும் தந்தை பெயரின் முன்னெழுத்து மற்றொன்றிலும் இருந்தால் அதைத் திருத்துவதே முதல் வேலை.

இராமநாதபுரத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி நடக்கும்போது ஒருமுறை கலந்துகொள்ளுங்கள். சொட்டுமருந்து போடும் கைப்பழக்கத்தை நேரில் பார்த்துக் கற்பதே எளிது.

10. முதல் அடை

சிறுவிடைப் பெட்டை ஆறாம் மாதத்தையொட்டி முட்டையிடத் தொடங்கும். முதல் ஈட்டு முட்டைகள் சிறியவை; அவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த ஈட்டில் அடை வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாத, ஒரே அளவான பத்துப் பன்னிரண்டு முட்டைகள் போதும். மண்சட்டியில் உமியும் வேப்பிலையும் இட்டு, எறும்பு ஏறாத மூலையில் வையுங்கள். ஏழாம் நாள் இரவில் கைவிளக்கின் ஒளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுற்றதில் சிலந்தி வலைபோன்ற சிவந்த நரம்புகள் தெரியும், தெரியாதவற்றை எடுத்துவிடுங்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளிவரும். மழை மாதங்களில் அடை வைப்பதைத் தவிருங்கள்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்தச் சேவலின் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன்பே சேவலை மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் நெருங்கிய உறவில் கூடி, பொரிக்கும் முட்டை குறைந்துகொண்டே வரும். விலைக்கு விற்பதைவிட, பக்கத்து ஊரில் உங்களைப் போலவே தடுப்பூசி போட்டு வளர்ப்பவரிடம் சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி. வந்த சேவலையும் மூன்று வாரம் தனியே அடைத்த பிறகே பெட்டைகளோடு விடுங்கள்.